நாற்காலியை விடாத கலகக்காரர்: ஒல்ஜாஸ் சுலைமேனவ்

கேள்வி இதுதான்: கஜகஸ்தானின் ஒல்ஜாஸ் சுலைமேனவ் கவிஞரா, கலைத்துறை அதிகாரியா, அரசியல்வாதியா? சோவியத் காலத்தில் பெரிய பதவிகளில் இருந்த ஒருவரைச் சிலர் போராளி என்றும் சிலர் சமரசக்காரர் என்றும் சொல்வது ஏன்?

மூன்றும்தான் அவர். ஆனால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் ஆள் பிடிபடமாட்டார். அவர் செய்த பெரிய காரியங்கள் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசு நாற்காலியில் இருந்துகொண்டு செய்தவை. ஒலிவாங்கியும், ஆட்களைக் கூட்ட ஒரு கட்டடமும், ஓரளவு பாதுகாப்பும் அந்த நாற்காலி கொடுத்தது. அதற்கு அவர் விலையும் கட்டினார். பாராட்டுகிறவர்கள் வரவை மட்டும் எழுதுகிறார்கள். திட்டுகிறவர்கள் செலவை மட்டும் எழுதுகிறார்கள்.

அவர் பிறந்தது 1936 மே 18, அல்மா-அத்தாவில் (இன்றைய அல்மாட்டி). தந்தை ஓமர் கஜகக் குதிரைப்படையில் அதிகாரி. 1937இல், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் நேரத்தில், ஸ்தாலின் கால வேட்டையில் அவரைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. மகன் படித்தது நிலவியல் பொறியியல். மாஸ்கோவின் கோர்க்கி இலக்கியக் கல்லூரிக்கும் போனார். முடிக்காமலே ஊர் திரும்பி ஒரு செய்தித்தாளில் வேலை பார்த்தார். அங்கே இருக்கும்போதுதான் 1961 ஏப்ரல் 12 வந்தது. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் கிளம்பிய பைக்கனூர் கஜகஸ்தான் மண்ணில் இருக்கிறது. அந்தப் பயணத்தைப் பற்றி இவர் எழுதிய நெடுங்கவிதையைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து விமானத்திலிருந்து அல்மா-அத்தாவின் மேல் தூவினார்கள். இருபத்து நான்கு வயதுக் கவிஞனின் வரிகள் வானத்திலிருந்து விழுகின்றன! அதற்குப் பிறகு அவர் யார் என்று அந்த நகரத்தில் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவரைச் சுற்றிய சச்சரவுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை. அவர் கஜகர், எழுதுவது ரஷ்ய மொழியில். கஜக மொழிப் பற்றாளர்களில் ஒரு சாரார் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. இன்னொரு பக்கம், கஜகர்களின் புல்வெளியை ரஷ்ய வாசகனின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததே அந்த ரஷ்ய மொழிதான். கஜகத்தில் எழுதியிருந்தால் அடுத்து நான் சொல்லப்போகும் புத்தகத்துக்கு மாஸ்கோவில் யாரும் கோபப்பட்டிருக்கமாட்டார்கள், படித்திருந்தால்தானே கோபம் வரும்.

அந்தப் புத்தகம் 1975இல் அல்மா-அத்தாவில் வெளியான 'அஸ் இ யா'. தலைப்பே ஒரு சிலேடை. 'அஸ்' என்பது பழைய ஸ்லாவிய மொழியில் 'நான்'. அகரவரிசையின் முதல் எழுத்தின் பெயரும் அதுதான். 'யா' என்பது இன்றைய ரஷ்யனின் 'நான்'. அகரவரிசையின் கடைசி எழுத்து. நடுவில் உள்ள 'இ' என்பது நம் 'உம்'. மூன்றையும் சேர்த்து வாசித்தால் ரஷ்ய மொழியில் 'ஆசியா' என்று வரும்.

உள்ளே என்ன இருக்கிறது? ரஷ்யர்கள் தங்கள் இலக்கியத்தின் ஊற்றுக்கண் என்று போற்றும் பழங்காவியம் ஒன்று உண்டு, இகோர் படையெடுப்பைப் பாடுவது. 1185இல் இகோர் என்ற சிற்றரசர் பொலவேத்ஸியர் மேல் படையெடுத்துப்போய்த் தோற்றுச் சிறைப்பட்ட கதை. பொலவேத்ஸியர் என்று ரஷ்யர் அழைத்தவர்கள் துருக்கிய மொழி பேசிய கிப்சாக்குகள். கஜகர்களின் முன்னோர்களில் ஒரு பிரிவினர். காவியத்தின் கையெழுத்துப் பிரதி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிடைத்து, 1800இல் அச்சேறி, 1812 மாஸ்கோ தீயில் எரிந்துபோனது. எஞ்சியவை அச்சுப் படியும் தீக்கு முன்பே எடுத்த ஒரு நகலும்தான். அதில் பொருள் விளங்காத இடங்கள் பல.

சுலைமேனவ் சொன்னது இது: காவியத்தை எழுதியவனுக்கு இரண்டு மொழியும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். சில நூற்றாண்டுகள் கழித்துப் பிரதி எடுத்தவனுக்குத் துருக்கியம் தெரியாது. தெரியாத சொல்லை அவன் ரஷ்யச் சொல்லாக நினைத்து உடைத்தும் ஒட்டியும் எழுதினான். விளங்காத இடங்கள் இப்படி உண்டானவை. ஓர் உதாரணம்: கீவ் அரசர் காணும் கெட்ட கனவில் 'தேப்ர் கிசான்' என்று ஒரு தொடர் வருகிறது. உரைகாரர்கள் சிலர் அதைத் திருத்தி, கீவுக்குப் பக்கத்தில் உள்ள காடு என்று பொருள் சொன்னார்கள். சுலைமேனவ், இது 'இரும்பு விலங்கு' என்றார். கஜகத்தில் இரும்பு 'தெமிர்', விலங்கு 'கிசென்'. சிறைப்படப்போகும் இளவரசர்களைப் பற்றிய கனவில் காட்டைவிட விலங்கு பொருந்துகிறது என்று படிக்கிறவனுக்குத் தோன்றத்தானே செய்யும்.

தோன்றுவது வேறு, நிறுவுவது வேறு. அவருடைய விளக்கங்களில் பல மொழியியலாளர்களிடம் நிற்கவில்லை. ஒலிமாற்ற விதிகளை அவர் தமக்கு வசதியானபோது மட்டும் மதித்தார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதுதான். காவியத்தில் துருக்கியச் சொற்கள் உண்டு என்பதும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. மெலியரான்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1902இலேயே பட்டியலிட்டிருந்தார். புத்தகத்தின் இரண்டாம் பகுதி இன்னும் துணிச்சலானது, என் பார்வையில் இன்னும் பலவீனமானது. சுமேரிய மொழியையும் துருக்கிய மொழிகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுகிறார். சுமேரியத்தோடு உறவு கொண்டாடும் ஆசை உலகில் எத்தனையோ மொழிக்காரர்களுக்கு உண்டு. தமிழர்களான நமக்கும் அது தெரியாத ஆசை அல்ல.

அப்படியானால் ஒரு கவிஞரின் சொல்லாராய்ச்சிக்கு இத்தனை கோபம் ஏன்? அவர் தொட்டது சொல்லை அல்ல, ரஷ்ய வரலாறு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையை. அந்தக் கதையில் ரஷ்யா பண்பாடு, புல்வெளி காட்டுமிராண்டித்தனம். ஒன்று மற்றொன்றைத் தடுத்து நிறுத்திய கோட்டை. இவரோ இரண்டு பக்கமும் கொண்டு கொடுத்த சம்பந்திகள் என்று காட்டினார். காட்டுவதற்குச் சான்றும் இருந்தது: தன் தந்தையைச் சிறை வைத்திருந்த பொலவேத்ஸியத் தலைவர் கொன்சாக்கின் மகளைத்தான் இகோரின் மகன் கட்டிக்கொண்டான். சோவியத் ஒன்றியத்தில் ரஷ்யர் 'மூத்த சகோதரர்'. மூத்தவனின் வீட்டுப் பழம்பெட்டியைத் திறந்து, இதில் பாதி எங்கள் துணி என்று இளையவன் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

1976 பிப்ரவரியில் மாஸ்கோவில் அறிவியல் அகாதமி ஒரு விவாதக் கூட்டம் போட்டது. பெயர் விவாதம், நடந்தது விசாரணை. சுலைமேனவும் அங்கே இருந்தார். எதிர்த்தவர்களில் தலையானவர் திமித்ரி லிகச்சோவ், பழைய ரஷ்ய இலக்கியத்தில் அந்தக் காலத்தின் பெரிய பெயர். அவரைக் கட்சியின் கைத்தடி என்று ஒதுக்கிவிட முடியாது. இளமையில் சலவேத்ஸ்கி சிறை முகாமில் கிடந்தவர் அவர். அவருடைய கண்டனம் புலமை சார்ந்தது. ஆனால் அந்தக் கண்டனத்தின் நிழலில் இன்னொரு குற்றச்சாட்டும் வந்து உட்கார்ந்தது: தேசியவாதம், துருக்கிய இனத்தார் எல்லாரும் ஒன்று என்னும் அகிலத் துருக்கியவாதம். அந்த நாட்டில் இந்தச் சொற்களால் ஒருவன் வாழ்க்கையே போகும். இவருடைய தந்தையின் தலைமுறைக்குப் போயிருந்தது.

இவருக்குப் போகவில்லை. ஜூலையில் கஜகக் கட்சித் தலைமை கண்டனத் தீர்மானம் போட்டது. புத்தகம் கடைகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் மறைந்தது. பிறகு ஆசிரியர் தம் தவறுகளை ஒப்புக்கொண்டு பத்திரிகையில் கடிதம் எழுதினார். அதோடு முடிந்தது. கஜகஸ்தான் கட்சித் தலைவர் தின்முகமெத் குனாயெவ் நேராக சோவியத் தலைவர் பிரெஷ்னெவிடம் பேசிக் காப்பாற்றினார் என்று கஜகர்கள் இன்றும் சொல்கிறார்கள். மாஸ்கோவின் கருத்தியல் காவலர் சூஸ்லொவ் இதைவிடக் கடுமையான தண்டனையை எதிர்பார்த்தார் என்றும் கதை உண்டு.

அந்தக் கடிதத்தை எப்படிப் பார்ப்பது? கோழைத்தனம் என்கிறார்கள் சிலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் அதை வெறும் சடங்கு என்று கடந்துபோகவும் மாட்டேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது அப்படி. 1981இல் அவர் கஜகக் குடியரசின் அரசுத் திரைப்படக் குழுவின் தலைவர், ஏறக்குறைய திரைப்பட அமைச்சர். சில ஆண்டுகளில் கஜக எழுத்தாளர் சங்கத்தின் முதல் செயலாளர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கண்டனத் தீர்மானம் வாங்கியவர் இந்தப் பதவிகளில்! கடிதம் எழுதாமல் இது நடந்திருக்காது.

சோவியத் எழுத்தாளர் சங்கம் என்பதை நம் ஊர் இலக்கியச் சங்கங்களைப் போல நினைத்துவிடக் கூடாது. யாருக்கு வீடு, யாருக்கு ஓய்வில்லத்தில் அறை, யாருடைய புத்தகம் எத்தனை பிரதி என்பதெல்லாம் அங்கே முடிவாகும். அதன் தலைமைச் செயலாளர் என்றால் நிஜமான அதிகாரம் உள்ளவர். இந்த வேலைக்கு சுலைமேனவ் புதியவரும் அல்ல. கஜகத் திரைப்பட நிலையத்தில் திரைக்கதைப் பிரிவைப் பார்த்திருந்தார். எழுபதுகளிலேயே சங்கத்தின் செயலாளர்களில் ஒருவர். 1973இல் ஆப்பிரிக்க-ஆசிய எழுத்தாளர் மாநாடு அல்மா-அத்தாவில் கூடியபோது அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர். நிர்வாகம் அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். கவிஞர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளாத விஷயம் இது.

அடுத்து 1986 டிசம்பர். இங்கே அவருடைய ஆதரவாளர்கள் வேகமாகப் பக்கம் புரட்டுவார்கள். 16ஆம் தேதி மாஸ்கோ குனாயெவை விலக்கிவிட்டு, கஜகஸ்தானோடு எந்தத் தொடர்பும் இல்லாத கென்னாதி கோல்பினைக் கட்சித் தலைவராக்கியது. மறுநாள் கஜக இளைஞர்கள் அல்மா-அத்தாவின் மையச் சதுக்கத்தில் திரண்டார்கள். உறைபனிக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி, தடியாலும் மண்வெட்டியாலும் அடித்துக் கலைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்கும் கல்லூரியை விட்டு வெளியேயும் போனார்கள். தம்மைப் பல ஆண்டுகள் காத்த குனாயெவ் போனபோதும், பிள்ளைகள் அடிபட்டபோதும், எழுத்தாளர் சங்கத்தின் தலைவர் நாற்காலியை உதறிவிட்டு வெளியே வரவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில், சோவியத்தின் புதிய நாடாளுமன்றமான மக்கள் பிரதிநிதிகள் மாநாட்டில் அந்த டிசம்பரைப் பற்றி எழுந்து கேட்டவர் இன்னொரு கஜகக் கவிஞர், முக்தார் ஷாகானவ். விசாரணைக் குழுவைத் தலைமை தாங்கி நடத்தியதும் அவர்தான். கஜகர்களிடம் இந்த இரண்டு கவிஞர்களையும் எடைபோடும் பழக்கம் இன்றும் உண்டு. டிசம்பர் என்று வந்தால் தராசு ஷாகானவ் பக்கம்தான் சாயும்.

இனி 1989. தராசு முழுவதுமாகத் திரும்பிய ஆண்டு.

செமிபலாத்தின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைத் தளம் பதினெட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. உள்ளூரில் அதற்கு 'பொலிகோன்' என்று பெயர். சோவியத்தின் முதல் அணுகுண்டு 1949 ஆகஸ்ட் 29 அன்று வெடித்தது அங்கேதான். நாற்பது ஆண்டுகளில் 456 சோதனைகள். அவற்றில் 116 நிலத்தின் மேலும் வானிலும் நடந்தவை. ஆள் இல்லாத இடம் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அதன் ஓரத்தில் இருப்பது கஜகர்களின் பெருங்கவிஞர் அபாய் பிறந்த மண். அங்குள்ள ஊர்களில் நிலம் அதிர்ந்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புற்றுநோய் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

1989 பிப்ரவரி 12 அன்று நிலத்தடியில் வைத்த குண்டிலிருந்து கதிரியக்க வாயு கசிந்து மேலே வந்தது. காற்று அதை விமானப்படையினர் குடியிருந்த சகான் நகரத்தின் மேல் கொண்டுபோனது. கசிவு இதற்கு முன்னும் உண்டு. இந்த முறை செய்தி படையினர் வழியாக வெளியே வந்து சுலைமேனவின் காதுக்கு எட்டியது. அப்போது அவர் மக்கள் பிரதிநிதிகள் மாநாட்டுக்கு வேட்பாளர். சோவியத் மக்கள் பல வேட்பாளர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போன முதல் தேர்தல் அது. தொலைக்காட்சியில் நேரடியாகப் பேச அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கவிதை வாசிப்பார் அல்லது ஓட்டுக் கேட்பார் என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் கசிவைப் பற்றிச் சொன்னார். பிப்ரவரி 28 அன்று எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள் என்றார்.

ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அன்றே இயக்கம் பிறந்தது. பெயர் 'நெவாடா', பிறகு 'நெவாடா-செமிபலாத்தின்ஸ்க்'. அமெரிக்காவின் சோதனைத் தளத்தின் பெயரை முன்னால் வைத்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது. செமிபலாத்தின்ஸ்க்கை மட்டும் மூடச் சொன்னால் அது சோவியத் பாதுகாப்புக்கு எதிரான குரல். இரண்டையும் மூடச் சொன்னால் உலக அமைதி, கட்சியே முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல். அதை எதிர்த்து எந்த அதிகாரி வாய் திறப்பான்? 'மூத்த சகோதரர்' விஷயத்தில் சூடுபட்ட ஒருவர் கற்றுக்கொண்ட பாடம் என்றே எனக்குப் படுகிறது. அந்தப் பெயர் வெறும் தந்திரமாகவும் நின்றுவிடவில்லை. நெவாடா பாலைவனத்தில் தங்கள் நிலத்துக்காகப் போராடிய ஷோஷோனி பழங்குடியினரோடு உண்மையிலேயே கை கோத்தார்கள். இயக்கத்தின் சின்னத்தில் ஒரு கஜக நாடோடியும் ஒரு ஷோஷோனி முதியவரும் இருக்கிறார்கள்.

கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. கரகந்தாவின் நிலக்கரித் தொழிலாளர்கள் அந்த ஆண்டு வேலைநிறுத்தம் செய்தபோது தங்கள் கோரிக்கைகளில் சோதனை நிறுத்தத்தையும் சேர்த்தார்கள். கவிஞர்களின் விண்ணப்பத்தை ஓரம் வைக்கத் தெரிந்த மாஸ்கோவுக்கு நிலக்கரியை ஓரம் வைக்கத் தெரியாது. பிப்ரவரி 17 சோதனைக்குப் பிறகு ஜூலை 8 வரை அங்கே எதுவும் வெடிக்கவில்லை. அந்த ஆண்டுக்குத் திட்டமிட்ட 18 சோதனைகளில் நடந்தவை ஏழு. அக்டோபர் 19 அன்று நடந்ததே அந்தத் தளத்தின் கடைசி வெடிப்பு. 1990 மே மாதத்தில் அணு ஆயுதப் போருக்கு எதிரான மருத்துவர்களின் உலக அமைப்பு அல்மா-அத்தாவில் இந்த இயக்கத்தோடு சேர்ந்து மாநாடு கூட்டியது. 1991 ஆகஸ்ட் 29 அன்று, முதல் குண்டு வெடித்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், கஜகஸ்தான் அதிபர் நூர்சுல்தான் நஜர்பாயெவ் தளத்தை மூடும் ஆணையில் கையெழுத்திட்டார்.

மூடியது யார் என்பதில் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. கஜகஸ்தான் அரசு பல ஆண்டுகள் எழுதிய வரலாற்றில் முதல் வரி நஜர்பாயெவின் கையெழுத்து. கையெழுத்து அவருடையதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆணை வருவதற்கு முன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அங்கே ஒரு குண்டும் வெடித்திருக்கவில்லை. இன்னொரு பெயரையும் இந்தச் சண்டையில் மறந்துவிடுகிறார்கள். செமிபலாத்தின்ஸ்க் வட்டாரக் கட்சிச் செயலாளர் கெஷ்ரிம் போஸ்தாயெவ் 1989 பிப்ரவரியிலேயே, கூட்டம் கூடுவதற்கு முன்பே, சோதனையை நிறுத்தச் சொல்லி மாஸ்கோவுக்கு ரகசியத் தந்தி அனுப்பினார். கட்சி ஒழுங்கில் ஊறிய ஒரு வட்டாரச் செயலாளருக்கு அது பெரிய துணிச்சல். மக்கள் இயக்கம் தனியாக மூடியது என்பதும் தலைவர் தனியாக மூடினார் என்பதும் ஒரே அளவுக்குத் தவறு. ஆனால் வாயைத் திறந்து சொல்லும் பயத்தை உடைத்தவர் சுலைமேனவ்.

இந்தப் புகழோடு கட்சி அரசியலுக்கு வந்தார், தடுமாறினார். 1991 அக்டோபரில் 'கஜகஸ்தான் மக்கள் காங்கிரஸ்' பிறந்தது. அணு எதிர்ப்பு இயக்கத்தின் கிளைகள்தான் அதற்கு அடித்தளம். ஷாகானவும் சுலைமேனவும் இணைத் தலைவர்கள். தொடக்கத்தில் நஜர்பாயெவின் ஆசியும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் நஜர்பாயெவ் ஒருவரே வேட்பாளர், 98 சதவீதத்துக்கும் மேல் வாக்கு. நாட்டில் அவருக்கு இணையாக மக்கள் அறிந்த ஒரே முகம் சுலைமேனவ், அவர் போட்டியிடவில்லை. பிறகு கட்சி மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தது. 1994 நாடாளுமன்றத் தேர்தலில் 177 இடங்களில் கிடைத்தவை ஒன்பது. லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் ஓட்டுப் போட வரவில்லை. அணுகுண்டு வேண்டாம் என்பதற்கு ஒன்றாக நின்ற கஜகரும் ரஷ்யரும், சம்பளம் வராத, விலை தினமும் ஏறிய அந்த ஆண்டுகளில், வேறு எதற்கும் ஒன்றாக நிற்கத் தயாராக இல்லை.

இருந்தாலும் அந்த நாடாளுமன்றத்தில் சுலைமேனவின் பெயர் அடுத்த அதிபர் என்ற பேச்சில் அடிபட்டது. 1995 மார்ச்சில், தோற்ற வேட்பாளர் ஒருவரின் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்றது. நாடாளுமன்றம் கலைந்தது. ஏப்ரலில் பொது வாக்கெடுப்பு நடத்தி, தேர்தலே இல்லாமல் நஜர்பாயெவ் தம் பதவிக்காலத்தை 2000 வரை நீட்டித்துக்கொண்டார். அதே ஆண்டு சுலைமேனவ் இத்தாலியில் கஜகஸ்தானின் தூதர்.

நாடுகடத்தலா, பரிசா? இரண்டு சொல்லையும் கஜகர்கள் பயன்படுத்துகிறார்கள். மறுத்திருக்கலாம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது: மறுத்திருந்தால் அந்த நாட்டில் எதிரணித் தலைவர்களுக்குப் பிறகு நேர்ந்ததில் ஏதோ ஒன்று இவருக்கும் நேர்ந்திருக்கும். ஏற்றுக்கொண்டதால், அன்றைக்கு இருந்த ஒரே கனமான போட்டியாளர் களத்திலிருந்து போனார் என்பதும் உண்மைதான். அவர் மறுபடியும் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். ரோமில் ஆறு ஆண்டுகள், பிறகு பாரிஸில் யுனெஸ்கோவில் கஜகஸ்தானின் நிரந்தரப் பிரதிநிதியாக நீண்ட காலம். கையில் நேரம் இருந்தது. பழைய சொல்லாராய்ச்சிக்குத் திரும்பினார், எழுத்துகளின் தோற்றம் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். மொழியியலாளர்கள் பழையபடி தலையை ஆட்டினார்கள். இந்த முறை யாரும் தீர்மானம் போடவில்லை.

செமிபலாத்தின்ஸ்க் தளத்தில் தெகெலென் மலைச் சுரங்கம் ஒன்றில், சோதனைக்காக வைத்து வெடிக்காமல் விட்டுப்போன ஒரு குண்டு 1991 முதல் அப்படியே கிடந்தது. அதைச் சாதாரண வெடிமருந்தால் தகர்த்தது 1995 மே 31 அன்று, நாடாளுமன்றம் கலைந்த அதே வசந்தத்தில். இப்போது ஆகஸ்ட் 29 ஐக்கிய நாடுகள் சபையின் நாட்காட்டியில் அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிரான உலக நாள். 2009இல் கஜகஸ்தான் முன்மொழிந்து வந்தது. பிப்ரவரி 28 எந்த நாட்காட்டியிலும் இல்லை.